‘ஓ ரங்கசாயி’: ஒரே உருப்படியின் பல பதிவுகளை எதைக் கொண்டு ஒப்பிடுவது?

மாடவீதி ரசிகர் (மயிலாப்பூர்) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தியாகராஜ ஸ்வாமிகள் ஸ்ரீரங்கத்துப் பெருமாள்மீது இயற்றிய ஐந்து கீர்த்தனைகளுள் காம்போதி ராகத்தில் அமைந்த ‘ஓ ரங்கசாயி’யை எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரும் செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயரும் பாடிய கச்சேரிப் பதிவுகளைச் சில வாரங்களாக மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறேன். இரண்டும் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை. ஆனால் ஒன்றைக் கேட்டு முடித்தவுடன் மற்றொன்றைத் தொடங்கினால், ஒரே ராகமும் ஒரே தாளமும் ஒரே சாகித்தியமும் (பாடல் வரிகளும்) கொண்ட ஓர் உருப்படியைத்தான் இருவரும் பாடுகிறார்கள் என்று நம்புவதே சற்றுக் கடினமாக இருக்கிறது.

எம்.எஸ். அம்மையாரின் ஆலாபனை (பாடல் வரிகளின்றி ராகத்தை விரித்துப் பாடுவது) படிப்படியாக விரிந்து தார ஸ்தாயி ஷட்ஜத்தில், அதாவது மேல் ‘ஸ’வில், நிலைகொள்ளும்போது, நீட்டி நிறுத்தும் அந்தக் கார்வையில் எந்த நடுக்கமும் இல்லாத ஒரு நிறைவு கிடைக்கிறது. பல்லவியைத் தொடங்கும் ‘ஓ’ என்ற விளியே முழுமையான ஓர் இசைவாக்கியமாகக் கேட்கிறது. செம்மங்குடி அவர்களோ சிறு சிறு பிடிகளை (ராகத்துக்கே உரிய ஸ்வரத்தொடர்களை) எடுத்து, அவற்றை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்திப் பாடி, கேட்பவர் தப்பிக்கவே முடியாதபடி ராகத்தை நெருங்கிப் பிடிக்கிறார். அவருடைய குரலில் வழுவழுப்பு இல்லை. ஆயினும் சங்கதிகள் (ஒரே வரியைப் படிப்படியாக மாற்றிப் பாடும் வடிவங்கள்) ஒவ்வொன்றும் வேலைப்பாடு நிறைந்தவையாக இருக்கின்றன.

எம்.எஸ். அம்மையார் செம்மங்குடி அவர்களிடம் ஏராளமான உருப்படிகளைக் கற்றவர் என்பது அனைவரும் அறிந்ததே. அப்படியிருக்க, பாடாந்தரம், அதாவது குருவழியில் கற்ற பாட்டு வடிவம், ஏறத்தாழ ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். பின் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? குரலமைப்பிலிருந்தா, மனோதர்மத்திலிருந்தா (பாடகர் மேடையிலேயே செய்யும் கற்பனையிலிருந்தா), அல்லது பதிவு செய்யப்பட்ட சூழ்நிலையிலிருந்தா? சபா வாசல்களில் நடக்கும் உரையாடல்களில் இப்படி ஒரு கேள்வி எழுந்தால், அது பெரும்பாலும் ‘இவர் பெரியவர், அவர் பெரியவர்’ என்ற வாதத்தில் போய் முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த முடிவு தேவையில்லை. இரண்டு பதிவுகளையும் நியாயமாக அருகருகே வைக்க வேண்டுமானால் எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதை மட்டும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தம்புரா (திருவான்மியூர்) – மறுமொழி

ஐயா, தங்கள் கேள்வியில் உள்ள மூன்று காரணங்களும் உண்மையே. ஆனால் மூன்றுக்கும் சமமான பங்கு இல்லை. நான் வாய்ப்பாட்டு கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில், முதலில் பாடாந்தரத்தையும் குரலையும் பற்றிச் சொல்கிறேன்.

தியாகராஜரின் சீடர் வழிகளில் உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை ஆகிய மூன்றும் பெயர் பெற்றவை. செம்மங்குடி அவர்கள் கற்ற ஆசிரியர்களுள் உமையாள்புரம் சுவாமிநாத ஐயர் ஒருவர். அந்த வழியில் சங்கதிகளின் வரிசைக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மற்றொரு பெரும் பாடகரான அரியக்குடி ராமானுஜ ஐயங்காரோ பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் சீடர். பூச்சி ஐயங்கார் பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடமும், பட்டணம் சுப்பிரமணிய ஐயர் தியாகராஜரின் நேர்ச்சீடரான மானம்புச்சாவடி வெங்கடசுப்பையரிடமும் பயின்றவர்கள். ஆகவே அரியக்குடி வழியில் வந்தவர்களும் செம்மங்குடி வழியில் வந்தவர்களும் ஒரே கீர்த்தனையைப் பாடும்போது, சங்கதிகள் வேறுபட்டால் அதைப் பாடகரின் சொந்தக் கற்பனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அவர்கள் பெற்ற சொத்து. தாங்கள் எடுத்துக்கொண்ட இருவரின் விஷயத்தில் இந்தச் சிக்கல் குறைவு என்பதால்தான் இந்த ஒப்பீடு பயனுள்ளதாகிறது: பாடாந்தரம் நெருங்கியிருப்பதால், எஞ்சிய வேறுபாடு குரலிலும் மனோதர்மத்திலும் இருந்தே வர வேண்டும்.

குரலைப் பொறுத்தவரை, ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் (கட்டை என்பது ஸ்ருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) பாடுகிறார்கள். பெண்கள் அக்காலத்தில் நாலரை முதல் ஐந்தரைக் கட்டை வரை பாடினார்கள். ஒலிபெருக்கி பரவுவதற்கு முன் பாடத் தொடங்கிய ஆண்களும் கூட்டத்தின் கடைசி வரிசைவரை குரல் சென்றாக வேண்டும் என்பதற்காக மிக உயர்ந்த ஸ்ருதியில் பாடியதுண்டு. முசிரி சுப்பிரமணிய ஐயர் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உயர்ந்த ஸ்ருதியில் நீண்ட கார்வைக்குத் தனியான ஒளி கிடைக்கிறது. அந்த ஒளியை எம்.எஸ். அம்மையார் முழு உணர்வோடு பயன்படுத்தினார். செம்மங்குடி அவர்களின் குரல் இளமையிலிருந்தே அவருக்கு எளிதில் வசப்படாத குரல். அதை உழைப்பினால் வசப்படுத்திய ஒருவர், நீண்ட கார்வையை நம்பாமல் பிடிகளின் அடர்த்தியை நம்புவது இயல்பே. தாங்கள் குறிப்பிட்ட ‘மீண்டும் மீண்டும் அழுத்துதல்’ குறைபாட்டை மறைக்கும் உத்தி என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. காம்போதி போன்ற ஒரு ராகத்துக்கு அது மிகவும் பொருத்தமான அணுகுமுறை என்பதே என் கருத்து.

ஏனெனில் காம்போதியின் உயிர் அதன் ஆரோகண அவரோகணத்தில் இல்லை. ‘ம க ப த ஸ’ என்ற பிடியிலும், கைசிகி நிஷாதத்துக்குரிய (தாழ்ந்த ‘நி’க்குரிய) ராகமாக இருந்தும் ‘ஸ நி ப த ஸ’ என்ற ஒரே இடத்தில் காகலி நிஷாதம் (உயர்ந்த ‘நி’) எட்டிப்பார்க்கும் அழகிலும், தைவதத்தின் அசைவிலும்தான் இருக்கிறது. ஒப்பிட வேண்டுமானால் ஆலாபனை முழுவதையும் ஒப்பிடாதீர்கள். அந்தக் காகலி நிஷாதப் பிரயோகத்தை ஒவ்வொருவரும் எத்தனை சிக்கனமாக, எந்தச் சூழலில் கொண்டுவருகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். எம்.எஸ். அம்மையாரிடம் அது ஒரு பெரிய ஏற்றத்தின் முடிவில் வந்து தங்குவதாகவும், செம்மங்குடி அவர்களிடம் பிடிகளின் ஓட்டத்துக்குள்ளேயே வந்து கரைவதாகவும் நான் கேட்கிறேன்.

ஒலிநாடா (மேற்கு மாம்பலம்) – மறுமொழி

தம்புரா அம்மையார் சொன்னவை அனைத்தும் இசைக்குள்ளிருந்து சொல்லப்பட்டவை. நான் ஸ்பூல் நாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலையில் பல ஆண்டுகள் ஈடுபட்டவன். நம் கையில் இருப்பது கச்சேரி அல்ல, கச்சேரியின் ஒரு பிரதி என்பதை நினைவில் கொள்ளாமல் எந்த ஒப்பீட்டையும் தொடங்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

முதலில் காலஅளவு. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பதிய முடியும். அதற்குள் ராகத்தைக் கோடிட்டுக் காட்டி, பல்லவியையும் சரணத்தையும் பாடி முடித்தாக வேண்டும் என்பதால், சங்கதிகள் வெட்டப்பட்டன, நிரவலுக்கு (ஒரு வரியை எடுத்துக்கொண்டு ராகத்தை விரித்துப் பாடுவதற்கு) பெரும்பாலும் இடமே இல்லை, காலப்பிரமாணமும் (பாடும் வேகமும்) மேடையில் இருந்ததைவிட விரைந்தது. முசிரி அவர்களின் ‘திருவடி சரணம்’ இசைத்தட்டும் அதே காம்போதிதான். அதைக் கேட்டுவிட்டு ‘முசிரி இவ்வளவு சுருக்கமாகவா பாடினார்’ என்று கேட்பவர்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். நிரவலுக்கென்றே புகழ்பெற்ற ஒருவரை, நிரவலுக்கு இடமில்லாத ஒரு சாதனத்தை வைத்து அளப்பது அநியாயம். நீண்ட நேர இசைத்தட்டுகள் வந்தபின் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. ஆயினும் ‘ஓ ரங்கசாயி’யை ஆலாபனை, நிரவல், ஸ்வரம் ஆகியவற்றோடு பாட அதுவும் நெருக்கடியான அளவுதான்.

வானொலிப் பதிவுகள் வேறு வகை. சென்னை வானொலி நிலையம் 1938-ல் தொடங்கியது. தேசிய இசை நிகழ்ச்சி 1952-ல் வந்தது. அந்த நிகழ்ச்சிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கப்பட்டதால், பெரியவர்கள் தங்கள் ராகங்களை அளவோடு, ஆனால் முழுமையாகப் பாடினார்கள். ஒலிவாங்கியின் இடம் சீராக இருக்கும், தம்புரா தெளிவாகக் கேட்கும், மிருதங்கம் குரலை மூடாது. அங்கே இல்லாதது முன்னால் அமர்ந்திருக்கும் கூட்டம். செம்மங்குடி அவர்களைப் போன்ற ஒருவர், முன்வரிசையில் ஒருவர் ‘பலே’ என்று சொன்னால் அதே பிடியை இன்னொரு கோணத்தில் காட்டுபவர். ஆகவே ஒருவரின் வானொலிப் பதிவை இன்னொருவரின் சபாப் பதிவோடு ஒப்பிட்டால், நாம் ஒப்பிடுவது பாடகர்களையா அறைகளையா என்று தெரியாமல் போய்விடும்.

மூன்றாவதாக, மிக அதிகமாகக் குழப்பம் விளைவிப்பது வேகம். 78 சுழற்சியில் ஓட வேண்டிய தட்டை 80 சுழற்சியில் ஓட்டினால், கால் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஸ்ருதி ஏறிவிடும். பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78-லேயே பதியப்பட்டவையும் அல்ல. நாடாவில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகலாம். பதிவு செய்யும்போது இயந்திரம் மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் திரும்ப ஓட்டும்போது எல்லாம் விரைந்து கேட்கும். அரைக்கட்டை ஏறினால் வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடியிருக்கிறது என்று பொருள்: பத்து நிமிடம் பாடியது ஒன்பதரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குரல் இளமையாகக் கேட்கும், கமகங்கள் துடிப்பாகக் கேட்கும், குரல் உருளும் வேகத்தைக் கேட்டு ‘ஆஹா, என்ன பிருகா’ என்று நாம் வியப்போம். அந்த வியப்பில் ஒரு பகுதி மோட்டாருக்குச் சேர வேண்டியது. மாறாக, வேகம் குறைந்த பிரதியில் அதே பாடகர் சோர்வாகப் பாடுவதாகத் தோன்றும்.

நான்காவது, ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி கொண்ட கேசட் கருவிகள். மெதுவாகப் பாடியதை அவை உயர்த்தின, ஓங்கிப் பாடியதைத் தாழ்த்தின. மந்த்ர (கீழ்) ஸ்தாயியும் தார (மேல்) ஸ்தாயியும் ஒரே எடையில் கேட்கும். எம்.எஸ். அம்மையாரின் ஆலாபனையில் ஒலி மெல்ல மெல்ல வளர்ந்து உச்சிக்குச் செல்வதே பாதி அழகு என்பதால், இத்தகைய கருவிகளால் அதிகம் இழந்தவர் அவரே. செம்மங்குடி அவர்களின் அடர்த்தியான பிடிகள் அதே கருவியில் அவ்வளவு இழப்பின்றித் தப்பிவிடுகின்றன. இதற்கு மேல், இணையத்தில் ஏற்றுவதற்காக இரைச்சலை நீக்குகிறோம் என்று சொல்லி, தம்புராவின் மேல் நாதங்களையும் ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய அனுஸ்வரங்களையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். இரைச்சலோடு கூடிய பிரதி கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வேன்.

சர்வலகு (நங்கநல்லூர்) – மறுமொழி

ஒரே கீர்த்தனையை மட்டுமே ஒப்பிட வேண்டும் என்ற நிபந்தனையைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. மாடவீதி ரசிகர் தம் பெயருக்கேற்ப, மதுரை மணி ஐயர் பாடிய பாபநாசம் சிவனின் ‘காணக் கண் கோடி வேண்டும்’ பதிவையும் இந்த இரண்டோடு சேர்த்துக் கேட்க வேண்டும். மயிலாப்பூர்க் கபாலியின் பவனியைப் பாடும் அந்த உருப்படியும் காம்போதிதான். மணி ஐயரிடம் எம்.எஸ். அம்மையாரின் நீண்ட கட்டமைப்பும் இல்லை, செம்மங்குடி அவர்களின் விடாப்பிடியும் இல்லை. ஸ்ருதியில் ஒட்டிக்கொண்ட குரலும், கணக்கைக் காட்டாமல் தாளத்தின் ஓட்டத்தோடு ஓட்டமாகச் செல்லும் சர்வலகு ஸ்வரங்களும் இருக்கின்றன. பின்பாட்டில் வேம்பு ஐயரோ டி.வி. சங்கரநாராயணனோ இருக்கும் பதிவு கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ஸ்வரங்களைப் பகிர்ந்துகொள்ளும்போது அந்தப் பாணி எப்படிக் கைமாறுகிறது என்பதும் காதில் விழும். ராகம் ஒன்றாகவும் உருப்படி வேறாகவும் இருக்கும் மூன்றாவது ஒரு பதிவு, முதல் இரண்டின் தனித்தன்மை எது, ராகத்தின் பொதுத்தன்மை எது என்று பிரித்துக் காட்டும்.

மாடவீதி ரசிகர் – தொடர் கேள்வி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒலிநாடா ஐயா சொன்னதைப் படித்தபின், என்னிடமுள்ள எம்.எஸ். அம்மையாரின் பதிவு ஒன்றை இன்னொரு நண்பரிடமுள்ள பிரதியோடு சேர்த்துக் கேட்டேன். இரண்டும் ஒரே நாள் கச்சேரிதான், ஏனெனில் இருமல் சத்தம்கூட ஒரே இடத்தில் வருகிறது. ஆனால் தம்புராச் செயலியை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அரைக்கட்டை வேறுபாடு இருக்கிறது. இவற்றுள் எது உண்மையான ஸ்ருதி என்று அறிய வழி உண்டா?

மற்றொன்று, ‘பூலோக வைகுண்டமு’ என்ற சரண வரியில் வரும் நிரவலைப் பற்றி யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என் செவிக்கு இரு பதிவுகளும் மிக விலகி நிற்கும் இடம் அதுதான்.

தெற்குமாட வாசகி (திருவல்லிக்கேணி) – மறுமொழி

நிரவலைப் பற்றிய கேள்வியை எழுப்பியதற்காக மாடவீதி ரசிகருக்கு நன்றி. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம் என்பதால், இந்தக் கீர்த்தனையை நான் எப்போதும் சாகித்தியத்திலிருந்தே அணுகி வந்திருக்கிறேன்.

பல்லவி ஒரு முறையீடு. அழைத்தால் ‘ஓ’ என்று குரல் கொடுத்து வரக் கூடாதா என்று பள்ளிகொண்ட பெருமாளிடம் பக்தர் கேட்கிறார். சரணம் அந்த முறையீட்டைத் தொடர்கிறது: ‘பூலோக வைகுண்டமு இதியனி நீலோன நீவே உப்பொங்கி, ஸ்ரீலோலுடை யுண்டே மா சிந்தலு தீரேதென்னடோ’. இதுவே பூவுலக வைகுண்டம் என்று உனக்குள் நீயே பூரித்துத் திருமகளோடு களித்திருந்தால், எங்கள் கவலைகள் தீரும் நாள் எது என்பது கேள்வி. எனவே நிரவலுக்கு எடுத்துக்கொள்ளப்படும் வரி ஸ்ரீரங்கத்தின் பெருமையைச் சொல்வதுபோலத் தொடங்கினாலும், அது குறைகூறும் ஒரு நீண்ட வாக்கியத்தின் முன்பாதிதான்.

எம்.எஸ். அம்மையாரின் நிரவலில் ‘பூலோக வைகுண்டமு’ என்ற சொற்கள் கோபுரத்தையும் மதில்களையும் கண்முன் நிறுத்துகின்றன. அது மிகப் பெரிய அனுபவம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அங்கே முறையீடு பின்னுக்குப் போய், தரிசனம் முன்னுக்கு வந்துவிடுகிறது. செம்மங்குடி அவர்கள் அதே சொற்களைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் சற்று வேறு இடத்திலிருந்து எழுப்பும்போது, வாசலில் நின்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரின் பிடிவாதம் அதில் இருக்கிறது. தம்புரா அம்மையார் அந்த அணுகுமுறைக்கு ராகத்தைக் காரணமாகச் சொன்னார்கள். எனக்கு அது சாகித்தியத்திலிருந்தே பிறப்பதாகத் தோன்றுகிறது.

இந்தப் பிரச்சினை மொழியோடு தொடர்புடையது என்பதற்கு ‘திருவடி சரணம்’ சான்று. ‘மறுபடியும் கருவடையும் குழியில் தள்ளி வருத்தப்படுத்த வேண்டாம் பொன்னம்பலவா’ என்ற கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரியை நிரவலுக்கு எடுத்துக்கொள்ளும் எவரும், அது மன்றாட்டு என்பதை ஒரு கணமும் மறக்க முடியாது. பாடுபவருக்கும் கேட்பவருக்கும் வரி முழுவதும் ஒரே மூச்சில் புரிகிறது. தெலுங்குக் கீர்த்தனையைப் பாடும்போது சென்னை மேடைகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ‘வைகுண்டமு இதியனி’ என்ற இடத்தில் சொல்லைப் பிரிப்பதில்கூடப் பாடகர்கள் வேறுபடுகிறார்கள். மூச்சை எங்கே எடுக்கிறார் என்பதைக் கவனித்தால் அவர் பொருளை எப்படிப் பிடித்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். பதிவின் தரம் எவ்வளவு குறைந்திருந்தாலும், மூச்சு எடுக்கும் இடம் அழிவதில்லை. ஆகவே ஒப்பீட்டுக்கு நான் தேர்ந்தெடுப்பது அதையே.

தம்புரா – மறுமொழி

வாசகி அவர்கள் சொன்ன சாகித்தியப் பொருளை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து எம்.எஸ். அம்மையாரின் நிரவலைப் பற்றி அவர்கள் எடுத்த முடிவை ஏற்க இயலவில்லை. நிரவலுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. சொற்களை மாற்றக் கூடாது, அவை தாளத்தில் விழும் இடம் மாறக் கூடாது, எடுப்பு (தாளத்தில் வரி தொடங்கும் இடம்) பிசகக் கூடாது. அந்த வரம்புக்குள் நின்று ராகத்தை மட்டும் விரிக்க வேண்டும். முறையீட்டின் முடிவு அடுத்த வரியில்தான் இருக்கிறது என்பதால், நிரவலுக்குள் அதை யாரும் சொல்லிவிட முடியாது. சொல்லக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: நிரவலும் ஸ்வரமும் முடிந்து, மீதச் சரணத்தையும் பாடிப் பல்லவிக்குத் திரும்பி ‘ஓ ரங்கசாயி’ என்று அழைக்கும் இடம்.

அங்கே எம்.எஸ். அம்மையாரைக் கேளுங்கள். நிரவலில் கட்டிய அத்தனை பெருமையும் அந்த ஒற்றை விளியில் இறங்கிப் பணிவாக மாறுகிறது. பெருமாளின் உயரம் எவ்வளவு என்று முதலில் காட்டினால்தான், எட்டாத உயரத்தை நோக்கி அழைக்கிறோம் என்பது கேட்பவருக்கு உறைக்கும். இப்படியும் ஒரு முறையீடு அமையலாம். எனவே நிரவலை மட்டும் வெட்டி எடுத்து ஒப்பிடாமல், நிரவலிலிருந்து பல்லவிக்குத் திரும்பும் வரையுள்ள பகுதியை முழுவதுமாக ஒப்பிட வேண்டும் என்று மாடவீதி ரசிகருக்குப் பரிந்துரைக்கிறேன். துணைக்குரலாகப் பாடும் ராதா விஸ்வநாதன், நிரவலில் ஒதுங்கி நின்று, பல்லவியில் மீண்டும் இணைவதும் அந்த மாற்றத்தை இன்னும் தெளிவாக்குகிறது.

தெற்குமாட வாசகி – மறுமொழி

பல்லவிக்குத் திரும்பும் இடத்தைப் பற்றித் தாங்கள் சொன்னது என்னைச் சிந்திக்க வைக்கிறது, அம்மா. ஆயினும் நிரவலுக்குள்ளேயே முறையீட்டின் தொனியைக் கொண்டுவர முடியும் என்பதற்குச் செம்மங்குடி அவர்களே சாட்சி என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ‘நீவே’ என்ற சொல்லில் அவர் கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

ஒலிநாடா – மறுமொழி

மாடவீதி ரசிகரின் அரைக்கட்டைக் கேள்விக்கு விடை இருக்கிறது. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணில் வருகிறது. ஒலிபெருக்கி அமைப்புகளும் பதிவுக் கருவிகளும் அந்த மின்சாரத்தின் மெல்லிய ரீங்காரத்தை நாடாவில் பதித்துவிடுவது மிகச் சாதாரணம். பாட்டு இல்லாத இடத்தை, அதாவது உருப்படிகளுக்கு இடையிலுள்ள அமைதியை, கணினியில் அலைவெண் பகுப்பாய்வு செய்து பாருங்கள். ரீங்காரம் 50-ல் நின்றால் அந்தப் பிரதியின் வேகம் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். அது 53-ல் நின்றால், பிரதி 6 விழுக்காடு விரைந்து ஓடுகிறது, அதாவது அரைக்கட்டை ஏறியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதி எடுத்தபோது ஒவ்வொரு இயந்திரமும் தன் ரீங்காரத்தைச் சேர்த்திருக்கும். ஆகவே இரண்டு ரீங்காரங்கள் தெரிந்தால், சரியாக 50-ல் நிற்பது பெரும்பாலும் கடைசியாக மாற்றிய இயந்திரத்துடையது. விலகி நிற்பதே மூலப் பதிவுக்குரியது. அந்த விலகியதை 50-க்குக் கொண்டுவரும்படி வேகத்தைத் திருத்த வேண்டும். மின்கலத்தில் ஓடிய கருவியில் பதிந்திருந்தால் இந்த வழி முழுமையாகக் கைகொடுக்காது. அப்போது அதே காலகட்டத்தில் அதே பாடகர் பாடிய வானொலிப் பதிவின் ஸ்ருதியை அளவுகோலாகக் கொள்ளலாம், ஆனால் கால்கட்டை வேறுபாட்டைப் பொருட்படுத்தாதீர்கள், ஏனெனில் குரல்நிலைக்கேற்ப ஸ்ருதியைச் சற்று இறக்கிக்கொள்வது வழக்கமே.

வேகத்தைத் திருத்தியபின் தம்புரா அம்மையார் சொன்ன பகுதியை, அதாவது நிரவலின் தொடக்கம் முதல் பல்லவிக்குத் திரும்பும் வரை, இரு பதிவுகளிலிருந்தும் எடுத்து ஒரே ஒலியளவில் வைத்துக் கேளுங்கள். இரண்டுமே சபாப் பதிவுகளாக இருக்கட்டும். டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமியில் உள்ள டிஜிட்டல் கேட்பகத்துக்குச் சென்று வேறு பிரதிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தங்கள் நண்பரின் பிரதியில் ரீங்காரம் எத்தனையில் நிற்கிறது என்று இங்கே எழுதினால், எவ்வளவு திருத்த வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.